மிதி, பிடி, விடு

சிரிப்பு வரும், அதற்கு நான் பொறுப்பு. வயிறு வலிக்கிற அளவுக்கு வரும். ஆனால் இப்போது இல்லை. இப்போது சிரித்தால் கார் ஆடும், கார் ஆடினால் கீழே படுத்திருக்கிறவனுக்குத் தெரிந்துபோகும், அதனால் கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீங்களும் அப்படியே கடித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பது அண்ணனின் காரில். இரண்டே கதவு, முதுகு சரிந்து தரையோடு தரையாகப் போகிற சிவப்புக் கூப்பே, மேட்டுப்பாளையத்தில் இது மாதிரி வேறொன்று கிடையாது என்று சென்னி பீற்றிக்கொள்வான். சென்னி என்றால் சென்னியப்பன், என் அண்ணன், கீழே படுத்திருக்கிறவன். இப்போது அந்தக் காருக்குச் சக்கரம் இல்லை. நான்கு மூலையிலும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் தூக்கி நிறுத்தியிருக்கிறான். முன்னால் பானெட் திறந்து நிற்கிறது, கண்ணாடி வழியாகப் பார்த்தால் சிவப்புத் தகடு மட்டும்தான், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் என்னைத் தெரியாது. என் காலில் அப்பாவின் ரப்பர் செருப்பு. இடுப்பில் அப்பாவின் வேட்டி. தொண்டையில் அப்பா. இன்னும் சற்று நேரத்தில் வேலை முடிந்து சென்னி வெளியே வருவான், பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைப்பான், அப்பாவைப் பார்க்கப்போகிற முகத்தோடு இந்தக் கதவைத் திறப்பான், உள்ளே நான் இருப்பேன். அந்த முகம் எனக்கு வேண்டும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்கலாம், எல்லோரும் சேர்ந்து.

அதுவரைக்கும் வேலை. வேலை என்னவென்றால் ஏர் எடுப்பது. பெரிய பிரேக் செட் ஒன்றை வரவழைத்திருக்கிறான், பழைய டிஸ்க் சாப்பாட்டுத் தட்டு என்றால் இது பந்தித் தாம்பாளம், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் பழையது பூனைவாய் என்றால் இது நாய்வாய், ஒவ்வொன்றிலும் ஆறு பிஸ்டன், பொட்டு வைத்த மாதிரி வரிசையாக. முன் சக்கரம் இரண்டுக்கும் மாட்டிவிட்டான். பழைய காலிப்பர்கள் சாக்கின் மேல் கிடக்கின்றன, பிடுங்கிப் போட்ட கடைவாய்ப்பல் மாதிரி. மாட்டியதோடு வேலை முடியாது, புதுக் குழாய்க்குள் காற்று நின்றிருக்கும், காற்று நின்றால் பெடல் பஞ்சு மாதிரி போகும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து காலிப்பரில் இருக்கிற சின்னத் திருகை, அதுதான் நிப்பிள், ஸ்பேனரால் லேசாகத் திறக்க வேண்டும், பிரேக் ஆயிலும் காற்றுக் குமிழும் சின்னக் குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் வரும், பெடல் தரைக்குப் போகும், போனதும் கீழே இருக்கிறவர் நிப்பிளை மூட வேண்டும், மூடிய பிறகுதான் மேலே இருக்கிறவர் காலை எடுக்கலாம். முந்திக் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். இவர் முகம் அவருக்குத் தெரியாது, அவர் கை இவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். மிதி. மிதிச்சாச்சு. பிடி. பிடிச்சாச்சு. விடு. இந்த உலகத்தில் எனக்கென்றே யாரோ உட்கார்ந்து கண்டுபிடித்த வேலை இது. பின் சக்கரம் இரண்டுக்கும் நான் நானாகவே இருந்து மிதித்தேன், சும்மாவா இருக்க முடியும், ஒரு தடவை எங்கள் கெமிஸ்ட்ரி சார் குரலில் பிடிச்சாச்சு என்றேன், ஒரு தடவை தவணைக்காரர் குரலில், ஒரு தடவை அம்மா குரலில், சென்னி கீழேயிருந்து சிரித்தான், டேய் மௌலி, வேலையப் பாருடா என்றான். அப்போதுதான் பொறி தட்டியது. ஒரே ஒரு குரல் பாக்கி இருந்தது.

சென்னியிடம் அப்பா பேசுவதில்லை. போன தை மாசத்திலிருந்து. அப்பா என்றால் ராக்கியண்ணன், மேட்டுப்பாளையம் கோத்தகிரி மலைப்பாதையில் ஆயுசு முழுக்க அரசாங்கப் பஸ் ஓட்டினவர், ஒரு கீறல் விழாமல் ரிட்டயர் ஆனவர், எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டினதால் இன்றைக்கும் எஞ்சின் ஓடுகிற மாதிரியே சத்தமாகப் பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி வார்த்தையை மட்டும் முழுங்கிவிடுவார், பேசுவதற்கு முன்னால் ஒரு செருமல், பஸ் நின்றதும் காற்றுப் பிரேக் விடுகிற ஸ்ஸ் மாதிரி. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தை மாசம் சென்னி இந்தக் காரில் அம்மாவைக் கோத்தகிரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பி இறங்கும்போது பிரேக் சூடேறி, பெடல் தரைக்குப் போய், வளைவில் கட்டைச்சுவரில் மோதி நின்றான். அவனுக்கு ஒன்றும் இல்லை, காருக்கு முகம் நசுங்கியது, அம்மாவுக்கு வலது முழங்கை உடைந்தது, இப்போதும் அது நேராக நீளாது, கரண்டி பிடித்தால் பாதி வழியில் நிற்கும். மலையில கியர்லதான் எறங்கோணும், இவன் பிரேக்கு மேலயே கால வெச்சுட்டு எறங்கியிருக்கான், குத்தம் பிரேக்குல இல்ல, காலுல, என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து எல்லோரிடமும் சொன்னார், சென்னியிடம் மட்டும் சொல்லவில்லை. சென்னியோ பிரேக்தான் போயிருச்சு, பிரேக்தான் போயிருச்சு என்று கம்பவுண்டரிடம்கூடச் சொன்னான். அன்றைக்கு நின்றது பேச்சு. வீட்டுக்குள் ஒருவர் ஹாலில், ஒருவர் வாசலில், நடுவில் நான்.

நடுவில் நான் என்றால் சும்மா இல்லை, நான்தான் ஒலிபெருக்கி. மௌலி, அவன்கிட்ட சொல்லு சோறு ஆறுதுன்னு. நான் வாசலுக்குப் போய் அதையே அப்பாவாகச் சொல்வேன், செருமல் சகிதம், கடைசி வார்த்தையை முழுங்கி. முதலில் சென்னி சிரித்தான். அப்புறம் நான் கொஞ்சம் உப்புப் போட ஆரம்பித்தேன். சோறு ஆறுதுன்னு சொல்லு என்பது, ஒக்காந்து திங்கறவனுக்கு நேரங்காலம் தெரியுமான்னு கேளு என்று ஆகும். மோட்டாரைப் போடச் சொல்லு என்பது, அதையாவது ஒடைக்காமப் போடச் சொல்லு என்று ஆகும். சென்னியின் முகம் ஒரு கணம் கதவு சாத்தின மாதிரி ஆகும், அது ஆகிற அந்தக் கணம் இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குள் ஒன்று எட்டிப்பார்க்கும், எச்சில் ஊறும். அந்தப் பக்கமும் உப்புக் குறையக் கூடாதே. அப்பாவுக்கு மாத்திரை வாங்கட்டுமான்னு கேளு என்பான் சென்னி, நான் அதைச் சென்னி குரலில், மூக்கில் கொஞ்சம் ஏற்றி, மாத்திரை காசு நாந்தான் குடுக்கோணுமான்னு கேக்கறான் என்று கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஒரு நாள் சென்னி காபி போட்டு, மௌலி இத அப்பாவுக்குக் குடு என்றான். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், பக்கத்தில் கையைக் காட்டி, வெய்யி என்றார், அவ்வளவுதான், வெய்யி. நான் திரும்பிவந்து என்ன சொன்னேன் தெரியுமா, பெத்தவ கைய முறிச்சவன் கையால எனக்குக் காப்பி வேண்டாம்னு சொல்லு. அது நல்லா வந்தது. செருமல், சத்தம், சொல்லு என்பதில் முழுங்கல். அதற்குப் பிறகு சென்னி காபி போடவில்லை. அப்பாவும் இரண்டு நாள் டம்ளர் வருகிறதா என்று சமையற்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார். சரி, அதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். செருப்புக்குள் கால் வேர்க்கிறது. அப்பாவின் செருப்பு எனக்கு ஒரு விரல்கடை பெரிது.

இன்னொரு டப்பா ஆயில் வாங்கிட்டு வர்றேன் என்று என் குரலில் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், கேட்டை டமால் என்று சாத்தினேன், மதில் ஓரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே. அப்பா சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே வெறும் உடம்போடு தூங்குகிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அம்மா கிரைண்டரில் மாவு. கொடியில் வேட்டி, படியில் செருப்பு. கொட்டகைக்குள் நடந்து வருவதுதான் கஷ்டம், அப்பா குதிகாலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார், சரக், சரக். முன் இடது சக்கரத்தடியில் சாக்கு விரித்து மல்லாந்து படுத்திருந்த சென்னிக்குக் காரின் அடிவழியாகத் தெரிந்தது செருப்பும் வேட்டி ஓரமும் மட்டும்தான். ஸ்பேனர் சத்தம் நின்றது. நான் கதவைத் திறந்தேன், உட்கார்ந்தேன், செருமினேன். மிதிக்கட்டுமா. அவ்வளவுதான் சொன்னேன். கீழே ஒன்றுமே இல்லை. ஒரு ஈ பறந்து ஸ்டீரிங்கில் உட்கார்ந்து எழுந்து போனது. போய்விட்டானோ, செத்துவிட்டானோ என்று நினைக்கிற அளவுக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு குரல், சென்னி குரல்தான், ஆனால் அதில் சென்னி இல்லை, பத்து வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான். மிதிங்கப்பா. எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வரப் பார்த்தது, பெடலை மிதித்து அதை முழுங்கினேன். பிடிங்கப்பா. பிடிச்சிருக்கேன். பெடல் மெதுவாகத் தரைக்குப் போனது, அது ஒரு மாதிரி இருக்கும், மாடிப்படியில் இல்லாத படிக்குக் காலை வைக்கிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் வயிற்றில் ஒரு குழி விழும். விடுங்கப்பா. விட்டுட்டேன்.

ஐந்தாறு சுற்று இப்படியே போனது, மிதிங்கப்பா, பிடிங்கப்பா, விடுங்கப்பா, ஒவ்வொரு அப்பாவையும் அவன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுகிறான். இவ்வளவு மாசம் சேர்த்து வைத்திருந்த அப்பாவையெல்லாம் ஒரே மத்தியானத்தில் செலவழிக்கிறான், கேனப்பயல். குமிழி கொறஞ்சிருச்சுங்கப்பா, இன்னும் ரெண்டு தடவ என்றான். பெடல் என் காலுக்குக் கீழே இறுகிவருவது எனக்கே தெரிகிறது. இந்தச் சக்கரம் முடிந்தால் அடுத்தது முன் வலது சக்கரம், அது என் கதவுக்குப் பக்கத்தில், அங்கே வந்து படுத்தானென்றால் தலையை ஒரு சாண் திருப்பினால் போதும். அதுதானே நீ கேட்டது, திறக்கட்டும், பார்க்கட்டும், சிரித்துவிட்டுப் போகலாம். போகலாம்தான். ஆனால் இன்னும் கொஞ்சம். அடுத்த சுற்றில் அவன் விடுங்கப்பா என்று சொல்வதற்கு முன்னாலேயே காலை எடுத்துவிட்டேன். கீழே குழாயில் கடகடவென்று குமிழி திரும்பி ஏறுகிற சத்தம். அய்யோ, என் தப்புங்கப்பா, நாந்தான் மூட லேட்டாயிருச்சு, என்கிறான் அவன். அவன் தப்பாம். உதட்டைக் கடித்ததில் உப்புக் கரிக்கிறது. மன்னிச்சுக்குங்கப்பா, மறுபடி மொதல்லருந்து எடுக்கோணும். பரவால்ல, மிதிக்கறேன், என்றேன். பரவால்ல என்று அப்பா யாரிடமாவது சொல்லிக் கேட்டிருக்கிறேனா. இல்லை. கண்டக்டரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வார்த்தைக்கு அப்பா எப்படி வாயைத் திறப்பார், எங்கே முழுங்குவார், தெரியாது, நான் பாட்டுக்கு ஏதோ ஒன்றை வைத்துத் தைத்தேன். கீழே ஸ்பேனர் சத்தம் நிற்கிறது. கண்டுபிடித்துவிட்டானா. பிடிபட்டால் பட்டதுதான், அதுதானே ஆட்டம், ஆனாலும் நானாகப் போட்டு உடைக்கும் முன்னால் அவனாகக் கண்டுபிடித்தால் அது என் ஆட்டம் இல்லை.

ஆயில் கொறையுதுங்கப்பா, ஊத்திட்டு வர்றேன், என்று எழுந்துவிட்டான். இதை நான் யோசிக்கவில்லை. ஆயில் ஊற்றுகிற டப்பா பானெட்டுக்கு அடியில், எனக்கு நேர் எதிரே. தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து. அதற்குள் அவன் விரல்கள் தெரிகின்றன, கறுத்து, நகத்துக்குள் கிரீஸ், மூடியைத் திருகுகின்றன. குனிந்தால் என் கண் தெரியும். நான் சீட்டில் வழுக்கிக் கீழே போகிறேன், வேட்டி சுருண்டு மேலே ஏறுகிறது, என் முழங்கால் முடியில்லாத முழங்கால், அப்பாவின் முழங்கால் இல்லை. மூச்சு. டப்பாவில் ஆயில் விழுகிற சத்தம், குளுக் குளுக். அவன் குனியவில்லை. ஏன் குனியவில்லை. ஒரு தடவை எட்டிப்பார்த்தால் போதுமே, ஒரு மகன் எட்டிப்பார்க்கமாட்டானா. அவன் விரல்கள் மூடியின் மேலேயே நிற்கின்றன, மூடி எப்போதோ இறுகிவிட்டது, இன்னும் திருகிக்கொண்டே இருக்கின்றன. அப்போது எனக்குப் புரிகிறது, அவனுக்கும் பயம், பார்த்தால் அப்பா எழுந்து போய்விடுவார் என்று பயம். நாய்க்குட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அசையாமல் இருப்போமே, அந்த மாதிரி. இதை நினைத்ததும் எனக்குள் எட்டிப்பார்க்கிற அந்த ஒன்று எட்டிப்பார்க்கவில்லை, எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. வா வெளியே, இதுக்குத்தானே வந்தோம். வரவில்லை. சென்னி திரும்பிப் போய்ப் படுத்துவிட்டான்.

மிதிங்கப்பா. மிதிக்கிறேன். பிடிங்கப்பா. பிடித்திருக்கிறேன். அவன் திறக்கவில்லை. ஸ்பேனரை வைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறான், காலிப்பரிடம் பேசுகிற மாதிரி, மெல்ல. இது அவ்வளவு லேசுல சூடாகாதுங்கப்பா, டிஸ்க்கு பெருசு, உள்ள காத்து போற மாதிரி ஓட்டை விட்டிருக்கு. நான் உம் என்கிறேன். ஆனா நீங்க சொன்னதுதாங்கப்பா நெசம். நான் உம் என்கிறேன். அன்னிக்கு பிரேக்கு போகல. நாந்தான் மேலருந்தே கால எடுக்காம வந்தேன். மூணாவது கியர் போடுடான்னு அம்மாகூடச் சொன்னாங்க, அப்பா அப்படித்தான் எறங்குவாருன்னு. நான் கேக்கல. ஆக்சிடென்ட் ஆனதும் வாயில வந்தது பிரேக்கு போச்சுன்னு, சொன்னத மாத்த முடியாமயே இருந்துட்டேன். பெடல் என் காலடியில் இரும்பு மாதிரி நிற்கிறது. தொடை நடுங்குகிறது, எவ்வளவு நேரம்தான் அழுத்துவது, திறந்து தொலையேன்டா. கால மாத்த முடியாதுங்களே, அதான் பிரேக்க மாத்தறேன், என்கிறான், சிரிக்கிறான் போல, மூக்கை உறிஞ்சுகிறான். இது முடிஞ்சதும் ஒரு தடவ நீங்க ஓட்டுங்கப்பா, கோத்தகிரிக்கு, நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கறேன் எங்கெங்க கால எடுக்கறீங்கன்னு. அப்பறம் வித்துருன்னு சொன்னீங்கன்னா வித்துடறேன். ஒரே ஒரு தடவ. வருவீங்களா.

இதற்குப் பதில் சொல்ல வேண்டும், அப்பாவாக. அப்பா குரல் என்னிடம் எத்தனை இருக்கிறது, அதட்டுகிற அப்பா, பேரம் பேசுகிற அப்பா, டிக்கெட் எடுக்காதவனை இறக்கிவிடுகிற அப்பா, தூக்கத்தில் வளைவுக்கு ஹாரன் அடிக்கிற அப்பா, எல்லாம் உண்டு, துழாவிப் பார்க்கிறேன், வர்றேன் சாமி என்று சொல்கிற அப்பா இல்லை. கேட்டதில்லை. கேட்காத குரலை எப்படிச் செய்வது. இப்போது என் குரலில் சொல்லிவிடலாம், டேய் நான் மௌலிடா, அவ்வளவுதான், கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம், கெட்ட வார்த்தையில் திட்டுவான், ஸ்பேனரை எறிவான், அதோடு போயிற்று. வாயைத் திறக்கிறேன். நாளைக்குக் காலைல போலாம், என்றது அப்பா. நான் சொல்லவில்லை, தொண்டைக்குள் இருந்ததே அது சொன்னது, முரட்டுத்தனமாக, கடைசி வார்த்தையை முழுங்கி. சரிங்கப்பா, என்றான் அவன், சரிங்கப்பா, சரிங்கப்பா. மூன்று தடவை. நாளைக்குக் காலையில் குளித்துவிட்டு, காரைத் துடைத்து, வாசலில் நிறுத்திக்கொண்டு நிற்பான். அப்பா பேப்பர் படிப்பார். அதை யோசித்தால் சிரிப்பு வருகிற மாதிரியும் இருக்கிறது, வாந்தி வருகிற மாதிரியும் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே இடம்தான் போலிருக்கிறது, இந்தத் தொண்டைக்குழிக்குக் கீழே.

ஒண்ணு கேக்கட்டுங்களாப்பா, என்கிறான். வேண்டாம். கேக்காதே. கேளு, என்கிறது அப்பா. பெத்தவ கைய முறிச்சவன் கையால காப்பி வேண்டாம்னு மௌலிகிட்டச் சொல்லி அனுப்புனீங்களே, அது ஒண்ணுதாங்கப்பா எனக்குள்ளயே கெடக்குது. மத்ததெல்லாம் போயிருச்சு. ராத்திரி கண்ண மூடுனா அதான் கேக்குது, உங்க கொரல்லயே கேக்குது. அது நீங்க சொன்னதா, இல்ல அந்த நாய் சேத்துச் சொன்னானா. கொட்டகைக் கூரை வெயிலில் டிக் டிக் என்று விரிகிறது. பெடலின் மேல் என் கால் மரத்துப்போய், யாருடைய காலோ என்று இருக்கிறது. அவன் சேத்துச் சொன்னான், என்று சொன்னால் போதும். மூணே வார்த்தை. அதைச் சொன்னால் இவனுக்குள் கிடப்பது வெளியே வந்துவிடும். ஆனால் இப்போது அந்த நாய் என்றானே, அண்ணன் என்னை அப்படிச் சொன்னதே இல்லை, அவன் அப்பாவிடம் என்னை அப்படிச் சொல்கிறான், அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் சேத்துச் சொன்னான் என்றால் இந்தக் கதவு திறக்கும்போது இருக்கப்போகிற முகம் நான் கேட்ட முகமாக இருக்காது, வேறொன்றாக இருக்கும், அதைப் பார்க்க என்னால் முடியாது, முடியவே முடியாது. செருமினேன். நாந்தான் சொன்னேன், என்றேன். நல்லா வந்தது. இதுவரைக்கும் செய்ததில் இதுதான் சுத்தம், அப்பாவே எழுந்து வந்து சொன்னாலும் இவ்வளவு சுத்தமாக வராது.

சரிங்கப்பா, என்றான் சென்னி. நான் வியர்வையைத் துடைக்கத் தலையைத் திருப்பினேன். வலதுபக்கக் கண்ணாடியில் கொட்டகை வாசல், வெயில், வெயிலில் அப்பா. வெறும் உடம்பு, தோளில் துண்டு, தூங்கி எழுந்த கன்னத்தில் பாய்க்கோடு. செருப்பைத் தேடி வந்திருக்கிறார். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார், கோத்தகிரியிலிருந்தா, காபியிலிருந்தா, கண்ணாடியில் அவர் முகம் உள்ளங்கை அளவுதான் இருக்கிறது, அதிலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. வாய் மூடியிருக்கிறது. நாந்தான் சொன்னேன் என்ற அந்தச் சத்தம் இன்னும் காருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைச் சொன்ன வாய் அங்கே மூடியிருக்கிறது. அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை. ஏதாவது பேச வேண்டும், அப்பாவாகப் பேசினால் அப்பா கேட்பார், நானாகப் பேசினால் சென்னி கேட்பான். வெறுங்காலோடு சிமெண்டில் சத்தமில்லாமல் ஓரடி வைக்கிறார், இன்னோர் அடி. அந்தக் கால் எனக்குத் தெரியும், வலது பெருவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும், ஆயுசு முழுக்கப் பெடலில் அழுத்தி அழுத்தி வளைந்தது, அந்த மாதிரி விரல் இந்த வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறவனுக்கு உலகத்தில் தெரிகிறது தரையும் கால்களும் மட்டும்தான்.

அப்பா, என்கிறான் சென்னி கீழேயிருந்து. சின்னக் குரல். நீங்க உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா.

நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே அந்த ஸ்ஸ் என்கிற செருமல் கேட்கிறது. மௌலி, அவன்கிட்ட சொல்லு, என்று பழக்கத்தில் ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோகிறது. அப்புறம், சென்னீ. இப்படித்தானா அது. சத்தமே இல்லாமல், எஞ்சின் நின்ற பிறகு பேசுகிற மாதிரி, கடைசி எழுத்தை முழுங்காமல் இழுத்து, சென்னீ. என் உதடு தன்பாட்டுக்கு அதைச் சொல்லிப் பார்க்கிறது, சத்தமில்லாமல், ஒரு தடவை, இன்னொரு தடவை. வெளிய இருக்கேன் சாமி. காப்பிய வெய்யின்னுதான் சொன்னேன். வேறெதும் சொல்லல.

கீழே நிப்பிள் திறக்கிற ஒரு சின்ன டிக். பிடி என்று யாரும் சொல்லவில்லை, விடு என்று யாரும் சொல்லவில்லை, என் காலுக்குக் கீழே பெடல் தரை வரைக்கும் இறங்குகிறது. விட்றாத, என்கிறான் சென்னி, இப்போது இதில் பத்து வயசுப் பையன் இல்லை. விட்டா காத்து ஏறிரும். ஸ்பேனரைத் தரையில் வைக்கிற சத்தம். நிப்பிளை அவன் மூடவில்லை. சாக்கு உரசுகிறது, எழுந்திருக்கிறான். தொடை துள்ளுகிறது, பெடலில் அப்பாவின் செருப்பு வழுக்குகிறது, இரண்டு காலையும் வைத்து அழுத்துகிறேன். காரைச் சுற்றிக்கொண்டு வருகிறான், அவசரமில்லாமல், பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, நான் நினைத்து வைத்திருந்த மாதிரியே. கதவுப் பிடியில் கை விழுகிறது.